கெங்கம்மாவின் மண்

அடையாற்றில் இருந்த அந்த மண் ஆய்வுக் கூடத்தில், பொய் மண் அனுப்புவதற்கென்றே ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அவர் பெயர் ஹபீபுர் ரஹ்மான். வயது நாற்பத்து மூன்று. மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார்.

பொய் மண் என்றால் மண்ணில் பொய் இல்லை. அதை அனுப்பியவர் பெயர்தான் பொய்.

இப்படி ஒரு வேலை உண்டானதற்கு ஒரு விவசாயிதான் காரணம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. விளைச்சலைக் கூட்டு, விளைச்சலைக் கூட்டு என்று சர்க்கார் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தது. நிலக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திய அந்தக் கூடத்துக்குச் செங்கற்பட்டு ஜில்லா முழுவதிலுமிருந்து துணிப்பைகளில் மண் வந்து குவிந்தது. நாற்பத்து நான்காம் வருஷம் ஆடி மாதத்தில் ஒருவர், தன் வயலில் ஒரே குழியில் தோண்டிய மண்ணை இரண்டு பைகளில் போட்டு, ஒன்றைத் தன் பெயரிலும் இன்னொன்றைத் தன் மாப்பிள்ளை பெயரிலும் அனுப்பினார். ஒரு பைக்கு, 'மணிச்சத்து போதுமானது, உரம் வேண்டாம்' என்று பதில் போயிற்று. மற்றதற்கு, 'மணிச்சத்து மிகக் குறைவு, எலும்புத் தூள் போடவும்' என்று போயிற்று. அவர் இரண்டு காகிதங்களையும் எடுத்துக்கொண்டு வந்து டைரக்டரின் மேஜைமேல் அருகருகே வைத்தார்.

"இதுல எது நெசம்னு சொல்லிட்டீங்கன்னா நான் போய்க்கினே இருப்பேன்" என்றார்.



மறுவாரம் டைரக்டர் ஹபீபுர் ரஹ்மானைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "அந்த மனுஷர் பண்ணினதை இனிமே நீங்க மாசா மாசம் பண்ணுங்கோ. ஒரே மண்ணை வேற வேற பேர்ல, மண் சோதிக்கற அஞ்சு மேஜைக்கும் அனுப்புங்கோ. என்ன விடை வரதுன்னு பார்ப்போம். எந்தப் பைன்னு ஒருத்தருக்கும் தெரியப்படாது. ஆனா நீங்க சோதிக்கறேள்னு எல்லாருக்கும் தெரியட்டும். அப்பத்தான் பயம் இருக்கும்."

ஹபீபுர் ரஹ்மான் சரி என்றார். மண் விஷயத்தில் அவருக்கு இருந்த கண்டிப்பு கூடத்தில் வேறு யாருக்கும் இல்லை. அவருக்கே அந்த வேலை பிடித்தும் இருந்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அவர் டப்பாவைத் திறந்தபோது, எதிரில் இருந்தவர் ஏதோ ஞாபகம் வந்தது போல எழுந்து போனார். அடுத்த நாள் பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். அந்த மாதக் கடைசியில் அவர் ஜன்னல் ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிடப் பழகியிருந்தார். யாரும் அவரிடம் சண்டை போடவில்லை. அவர் உள்ளே வந்தால் பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

அவர் வேலையை ஒழுங்காகவே தொடங்கினார். நங்கநல்லூரில் ஒரு வயலில் அரை மூட்டை மண் எடுத்து வந்து நிழலில் உலர்த்தினார். மரச் சுத்தியால் தட்டி உடைத்து, சல்லடையில் சலித்து, விரிப்பில் குவித்து நாலு கூறாக்கினார். எதிரெதிர்க் கூறுகளைச் சேர்த்துக் கலந்தார். மறுபடி குவித்தார், மறுபடி கூறு போட்டார். எந்தப் பிடியை எடுத்தாலும் ஒரே மண்ணாக இருக்கும்வரை விடவில்லை. பிறகு அவரே அதைப் பத்துத் தடவை சோதித்தார். கதிரில் மணி பிடிக்க மண்ணில் இருக்க வேண்டிய மணிச்சத்து எவ்வளவு என்று பார்க்கும் அந்தச் சோதனை லேசானதில்லை. மண்ணை எலுமிச்சை அமிலத்தில் ஏழு நாள் ஊறப்போட்டுத் தினமும் குலுக்க வேண்டும். வடித்த நீரில் மாலிப்டேட் என்ற உப்பைச் சேர்த்தால் மஞ்சளாகப் படியும். அந்தப் படிவைக் கழுவிக் கழுவி அளக்க வேண்டும். பத்துத் தடவையும் விடை நூற்றுக்குப் புள்ளி பூஜ்யம் பன்னிரண்டை ஒட்டியே நின்றது. அதுதான் அந்த மண்ணின் உண்மை என்று ஒரு காகிதத்தில் எழுதி டைரக்டரின் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

முதல் மூன்று மாதமும் ஐந்து மேஜைகளிலிருந்தும் விடை அப்படியே வந்தது. ஒரு பிசகு இல்லை. டைரக்டர் சந்தோஷப்பட்டார். ஹபீபுர் ரஹ்மானுக்கு மனம் ஒப்பவில்லை. இவ்வளவு சரியாக மனிதர்கள் வேலை செய்து அவர் பார்த்ததில்லை. ஒரு சாயங்காலம் தன் பையையும் ஒரு நிஜ விவசாயியின் பையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உடனே புரிந்துவிட்டது. நிஜப் பையில் வேர்த் துணுக்கு இருந்தது, நத்தை ஓடு இருந்தது, ஒரு எறும்புகூட ஓடியது. அவருடைய மண் மைதா மாவு மாதிரி இருந்தது. தவிர, நிஜ விவசாயிகளில் பாதிப் பேராவது பைக்குள் ஒரு கடிதம் வைத்திருந்தார்கள். மகளுக்குக் கல்யாணம், கிணறு வற்றிவிட்டது, பங்காளி வரப்பை வெட்டிவிட்டான், எல்லாமே அந்தக் கடிதங்களில் இருந்தன. அவருடைய பைகளில் பெயரும் ஊரும் மட்டும்தான். எது சோதனைப் பை என்று எல்லா மேஜைக்கும் தெரிந்திருந்தது.

அதன் பிறகு அவர் மண்ணில் வேரும் கூழாங்கல்லும் கலந்தார். சில பைகளில் கடிதமும் வைத்தார். அப்படித்தான் கெங்கம்மா பிறந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் அறையில் உட்கார்ந்து இடது கையால் கோணல் மாணலாக எழுதினார். 'ஐயா, நான் நங்கநல்லூர் கெங்கம்மா. என் புருஷன் ரங்கூனுக்குப் போனவர். சண்டை வந்த பிறகு தகவல் இல்லை. நிலம் என் கைக்கு வந்துவிட்டது. எனக்கு விவசாயம் தெரியாது. மண்ணைப் பார்த்துச் சொல்லவும். ஊருக்குத் தபால் ஒழுங்காக வருவதில்லை. மாம்பலம் பாண்டி பஜாரில் பீர் முஹம்மது தையல் கடைக்குப் பதில் போடவும்.' பீர் முஹம்மது அவருக்குத் தெரிந்தவர். விஷயம் என்ன என்று சொல்லாமல், அந்தப் பெயருக்குக் கடிதம் வந்தால் வாங்கி வைக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டார்.

ரங்கூன் என்று எழுதியதில் அவருக்கு விசேஷ நினைப்பு எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் பர்மாவில் ஒருவர் அகப்பட்டிருந்தார். கடிதம் நம்பும்படி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து சைக்கிளில் மாம்பலம் போனார். அச்சடித்த படிவத்தில் விடை சரியாக இருந்தது: புள்ளி பூஜ்யம் பன்னிரண்டு. கூடவே அரைத் தாளில் கையெழுத்தாக ஒரு கடிதமும் இருந்தது.

'கெங்கம்மா அவர்களுக்கு. படிவத்தில் இருப்பது கணக்கு. இது நானாக எழுதுவது. உங்கள் மண்ணில் மணிச்சத்து குறைவு. எலும்புத் தூள் கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் சணப்பு விதைத்து, பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். மண் கெட்ட மண் இல்லை, கைவிடாதீர்கள். ரங்கூனிலிருந்து காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். உலை வைக்கும்போது அவருக்கென்று ஒரு பிடி அரிசி கூடப் போடுங்கள்.'

கையெழுத்து லூர்துமேரியுடையது. மூன்றாவது மேஜையில் வேலை செய்தவள். முப்பது வயது இருக்கும். சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் வளர்ந்து, இண்டர்மீடியட்வரை படித்தவள். ஆண்கள் பட்டாளத்துக்குப் போய் இடம் காலியானபோது வேலைக்கு எடுத்தார்கள். அவளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவரிடம் யார் என்ன சொல்லப் போகிறார்கள்?

அந்த அரைத் தாளை அவர் கூடத்தின் கோப்பில் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அவர் வீடு என்பது ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சாத்திய ஒரு பெட்டி. நாற்பத்து இரண்டாம் வருஷம் சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியானபோது, அவர் மனைவி கமர் ஜஹான் மகள் ஷாகிராவைக் கூட்டிக்கொண்டு ஆம்பூரில் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். பயம் தீர்ந்தது. மற்ற வீடுகளுக்கெல்லாம் ஆட்கள் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. முதலில் ஷாகிராவுக்குக் காய்ச்சல் என்றாள். பிறகு அண்ணன் வீட்டில் கல்யாணம் என்றாள். பிறகு மழை. அதற்கப்புறம் அவர் கேட்பதை விட்டார், அவள் காரணம் சொல்வதை விட்டாள். இரண்டு பெருநாளுக்கும் அவர் போய்வந்தார். விருந்தாளியைக் கவனிப்பது போல நன்றாகக் கவனித்தார்கள்.

அடுத்த மாதச் சோதனைக்கும் ஒரு பை கெங்கம்மா பெயரில் போக வேண்டியிருந்தது. மேல் வயல் மண், கீழ் வயல் மண் என்று ஏதாவது சொல்லலாம். இடது கையால் எழுதத் தொடங்கியவர், எழுத வேண்டியதற்கு மேலேயும் எழுதினார். 'பகலில் தெரியவில்லை, வேலை இருக்கிறது. விளக்கு வைத்த பிறகுதான் கஷ்டம். ஒரு ஆளுக்காக அடுப்பு மூட்டச் சலிப்பாக இருக்கிறது. பசியோடேயே படுத்துவிடுகிறேன்.' எழுதி முடித்துப் படித்துப் பார்த்தார். அதில் பொய் ஒரு வரிகூட இல்லை. அது அப்படித்தான் என்று அந்தக் கணம்வரை அவருக்கே தெரியாமல் இருந்தது.

பதில் வந்தது. 'அப்படிப் படுக்காதீர்கள். நானும் படுத்துப் பார்த்தவள்தான். காலையில் உடம்பு எழுந்திருக்காது. கஞ்சியாவது வைத்துக் குடியுங்கள். அடுப்பில் நெருப்பு இருந்தாலே வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்.'

அன்று மாம்பலத்திலிருந்து திரும்பும்போது ஹபீபுர் ரஹ்மான் கரியும் அரிசியும் வாங்கி வந்தார். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. ஆனாலும் குடித்தார்.

மூன்றாவது கடிதம், நான்காவது கடிதம் என்று மாசி வரை போயிற்று. கூடத்தில் லூர்துமேரி அவரைக் கடந்து போகும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் போனாள். அவர் போலீஸ்காரர், அவள் சோதிக்கப்படுகிறவள். அவளுடைய வெள்ளைக் கோட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு அவர் தன் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். இது தப்பு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த மாதம் நிறுத்திவிடலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைத்தார்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை பீர் முஹம்மது தையல் மிஷினிலிருந்து எழுந்து, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சிறிய சாக்கு மூட்டையை இழுத்து வைத்தார்.

"இன்னா பாய் இது? யாரு அந்த கெங்கம்மா? நானும் பேசாம லெட்டர் வாங்கி வெச்சிக்கினு கீறேன். நேத்து ஒரு பொம்பளை நேராவே வந்துடுச்சி. கெங்கம்மா எப்ப வருவாங்கன்னு கேட்டுது. எனக்கு இன்னா தெரியும்? நான் முழிச்சேன். இத்த குடுத்துடுங்க, விதைன்னு சொல்லிட்டுப் போயிடுச்சி."

"யாருன்னு சொன்னாங்களா?"

"பேர் சொல்லல. அடையாத்துலேருந்து வரேன்னுது. வேத்துப்போய் வந்துது, நடந்தே வந்திருக்கும்போல. பாய், ஏதாவது வில்லங்கமா?"

"வில்லங்கம் இல்ல பாய்" என்றார் ஹபீபுர் ரஹ்மான். மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். சணப்பு விதை. நாலு படி இருக்கும். ரேஷனில் அரிசிக்கே வரிசையில் நின்ற காலம். இதை எங்கே தேடி வாங்கினாளோ.

அன்றைக்கே கெங்கம்மாவை முடித்துவிடுவது என்று தீர்மானித்தார். ஊரை விட்டுப் போய்விட்டாள் என்று ஒரு கார்டு போட்டால் போதும். அதற்கு முன்னால் அரையாண்டுக் கணக்கை எழுதி டைரக்டருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து, எந்தப் பெயரில் எந்த மேஜைக்குப் பை போயிற்று, என்ன விடை வந்தது என்று கட்டம் போட்டு எழுதினார்.

கெங்கம்மா வந்த பிறகு மற்றப் பைகளின் விடைகளை அவர் வாங்கி வைத்ததோடு சரி, ஒப்பிட்டுப் பார்த்திருக்கவில்லை. மூன்றாவது மேஜைக்கு வந்ததும் கை நின்றது. கெங்கம்மாவின் பைகளுக்கு நான்கு தடவையும் விடை சரி. அதே மண், அதே மேஜை, கடிதம் இல்லாமல் வேறு பெயரில் போன பைகளுக்கு விடை புள்ளி பூஜ்யம் இருபது, இருபத்தொன்று, மறுபடி இருபது. உண்மையைப் போல ஒன்றரைப் பங்குக்கு மேல். அது கைப்பிசகால் வரும் வித்தியாசம் இல்லை. மண்ணைத் தொடாமல், பார்த்த பார்வையில் எழுதிய எண். மற்ற நான்கு மேஜைகளின் கணக்கையும் அதே கண்ணோடு பார்த்தார். அங்கும் கடிதம் இல்லாத பைகளின் விடைகள்தான் தாறுமாறாக இருந்தன.

கடிதம் வைக்காத நிஜ விவசாயிகள் பாதிப் பேர் இருந்தார்களே, அவர்களுக்கெல்லாம் என்ன பதில் போயிருக்கும்? 'சத்து போதும், உரம் வேண்டாம்' என்றுதான் போயிருக்கும்.

திங்கட்கிழமை சாயங்காலம் எல்லோரும் போகும்வரை காத்திருந்தார். லூர்துமேரி கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் போய் அவள் மேஜைக்கு எதிரில் நின்றார்.

"ஒரு விஷயம் கேக்கணும். உட்காருங்க."

"சொல்லுங்க சார்." அவள் உட்காரவில்லை.

"லெட்டர் இல்லாத பைங்களுக்கு நீங்க டெஸ்ட் பண்றது இல்ல."

அவள் கையிலிருந்த குழாயைத் துடைத்து வைத்தாள். பிறகு நேராகப் பார்த்தாள். "ஆமா சார். பண்றது இல்ல. ஒரு நாளைக்குப் பதினாலு பை வெக்கிறாங்க. ஒழுங்கா பண்ணா ஆறு பண்ணலாம். உங்களுக்கே தெரியும். மாலிப்டேட் கப்பல்ல வரணும், சண்டைல இன்னா வருது? மாசத்துக்கு ஒரு பாட்டில். டைரக்டர் கிட்ட போய்ச் சொன்னேன். எப்படியாவது ஒப்பேத்தும்மான்னாரு. ஒப்பேத்தறேன்."

"யாருக்குப் பண்றது, யாருக்கு விடறதுன்னு எப்படி?"

"லெட்டர் எழுதினவங்களுக்குப் பண்றேன். எழுதாதவங்களுக்கு மண்ணு நெறத்தைப் பார்த்து, பக்கத்து ஊர் நம்பரைப் பார்த்து எழுதறேன். தப்புதான். வேற எப்படிப் பிரிக்கிறது? கஷ்டத்தைச் சொல்லிக் கேக்கறவங்களையாவது ஏமாத்தாம இருக்கலாமேன்னு." அடுத்த குழாயை எடுத்து, "எழுதத் தெரியாதவங்கதான் லெட்டர் வெக்கலைன்னு அப்பப்ப தோணும். அப்ப எழுந்து போய் பாட்டில் கழுவுவேன்" என்றாள்.

ஹபீபுர் ரஹ்மான் அந்தச் சமயத்தில் பேசாமல் போயிருக்கலாம். அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அவர் தன் அலமாரியைத் திறந்து, அந்தச் சாக்கு மூட்டையை எடுத்து வந்து அவள் மேஜைமேல் வைத்தார்.

அவள் மூட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இது உங்க கிட்ட எப்படி?"

"கெங்கம்மான்னு யாரும் இல்ல" என்றார். "நங்கநல்லூர் மண்ணு, நான் எடுத்தது. லெட்டர் நான் எழுதினது."

"எல்லாமா?"

"எல்லாம்."

"ரங்கூன் போனவரு?"

"அவரும் இல்ல."

லூர்துமேரி ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெளியே ஆற்றுப் பக்கம் யாரோ படகைக் கரையில் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"என் வூட்டுக்காரரு பினாங்குல கீறாரு சார். ஹார்பர்ல ஃபிட்டர். நாப்பத்தொண்ணு நவம்பர்ல ஒரு லெட்டர் வந்துது. அதுக்கப்பறம் ஒண்ணும் இல்ல. இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சத்தியமா தெரியாது."

"தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டீங்களா?"

மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் மூன்றாவது, நான்காவது கடிதங்களை எழுதிய கை அவருடையதுதானே. "தெரியல" என்றார்.

"கோயில்ல மெழுகுவத்தி ஏத்தும்போது ரெண்டா ஏத்தினேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "ஒண்ணு எங்க வூட்டுக்காரருக்கு. ஒண்ணு அந்த அம்மா வூட்டுக்காரருக்கு. நாலு மாசமா."

அவர் என்னென்னவோ சொல்ல நினைத்தார். அந்தக் கஷ்டமெல்லாம் தன்னுடையதுதான், அடுப்பு மூட்டியது நிஜம், கஞ்சி குடித்தது நிஜம் என்று சொல்ல நினைத்தார். அதைச் சொல்வது மேலும் ஒரு ஏமாற்று வேலை மாதிரி இருக்கும் என்று தோன்றியது. லூர்துமேரி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். மூட்டை மேஜைமேலேயே கிடந்தது. மறுநாள் தோட்டக்காரர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஹபீபுர் ரஹ்மான் அறிக்கையில் எதையும் ஒளிக்கவில்லை. ஐந்து மேஜைகளின் எண்களையும் அப்படியே எழுதினார். பதினாலு பை எவராலும் முடியாது, ஆறுதான் முடியும் என்று எழுதினார். தன் தவற்றையும் எழுதினார்: கடிதம் வைத்ததால் சோதனை கெட்டது, கடிதம் வந்த பைக்கு மட்டும் தனிக் கவனம் கிடைத்தது. ஆகவே இனிமேல் பை வந்ததும் கடிதத்தை முன் அறையிலேயே எடுத்துவிட வேண்டும். மேஜைக்கு வெறும் எண் மட்டும் போக வேண்டும். படிவத்தில் கணக்கைத் தவிர வேறு எதையும் யாரும் எழுதக் கூடாது. இந்த வரியை எழுதும்போது என்ன எழுதுகிறோம் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

கடைசியில், இதுவரை தவறான பதில் போனவர்களுக்கு மறுசோதனை செய்து எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தார். டைரக்டர் அங்கேதான் மறித்தார்.

"எண்களைப் போட்டுட்டேள், சரி. அஞ்சு பேருக்கும் மெமோ கொடுக்கறேன், அதுவும் சரி. ஊர்ல இருக்கறவாளுக்கெல்லாம் நாங்க தப்புப் பண்ணிட்டோம்னு எழுதணுமா? அப்பறம் யார் மண் அனுப்புவா?"

"அனுப்ப மாட்டாங்கதான் சார். ஆனா அனுப்பினவங்க நம்ம காகிதத்தை நம்பி உரம் போடாம உட்கார்ந்திருக்காங்க. அன்னைக்கு ரெண்டு காகிதத்தோட ஒருத்தர் வந்தாரு. இன்னொருத்தர் வரமாட்டாருன்னு இல்ல."

டைரக்டர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "ஆபீஸ் நேரத்துல முடியாது. ஞாயித்துக்கிழமை நீங்களா பண்றதுன்னா பண்ணிக்கோங்கோ. மாலிப்டேட்டுக்கு எங்கயாவது காலேஜ்ல கேட்டுப் பார்க்கறேன்" என்றார்.

கொட்டியது போக மிச்ச மண் தகர டப்பாக்களில் எண் ஒட்டி அலமாரியில் இருந்தது. அதில் கடிதமில்லாமல் வந்தவை நூற்று நாற்பது. ஹபீபுர் ரஹ்மான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபதை அமிலத்தில் போட்டார். வார நாட்களில் தினமும் குலுக்கினார். அடுத்த ஞாயிறு வடித்து அளந்தார், புதிதாக இருபது போட்டார். கட்டடம் பூராவும் அவர் ஒருவர்தான். இப்போது கூடத்தில் பேச்சு நிற்பது மட்டுமல்ல, அவர் வரும் வழியிலிருந்தே விலகிக்கொண்டார்கள்.

மூன்றாவது ஞாயிறு பத்து மணிக்குக் கதவு திறந்தது. லூர்துமேரி. பூசைக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தாள், கோயிலுக்குக் கட்டிய சேலை. கோட்டை மாட்டிக்கொண்டு, அலமாரியிலிருந்து பத்து டப்பாக்களை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குப் போனாள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வரிசையிலும் அவர் நங்கநல்லூர் மண்ணையும் ஒரு புட்டியில் வைத்தார், ஒளிக்காமல், பெயரோடு. அவள் அதையும் அளந்து, எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவர் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவாள். பன்னிரண்டு. பன்னிரண்டு. ஒரு தடவை பதின்மூன்று. அவள் அதை அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்தாள்.

நூற்று நாற்பதில் முப்பத்தொரு பேருக்கு யோசனையே மாறியது. டைரக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கடிதங்களை எழுதியது லூர்துமேரிதான். கையெழுத்து அவளுக்கு அழகு. தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் ஹபீபுர் ரஹ்மான் முப்பத்தொன்றையும் சரிபார்த்தார். முந்தைய எண், சரியான எண், செய்ய வேண்டியது, வருந்துகிறோம் என்ற ஒரு வார்த்தை. அதற்குக் கீழே ஒவ்வொரு தாளிலும் பாதி இடம் வெள்ளையாக இருந்தது. அவர் வகுத்த விதிதான் அது. ஒரு தாளிலாவது ஏதாவது இருக்குமோ என்று கடைசித் தாள்வரை பார்த்தார்.

ஆனி மாதம் ஒரு நாள் காலையில் வேளச்சேரியிலிருந்து ஆளவந்தார் நாயக்கர் என்று ஒருவர் வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் அந்தக் கடிதம். முன் அறையில் இருந்தவர், "அதெல்லாம் அவரைக் கேளுங்க" என்று ஹபீபுர் ரஹ்மானைக் கை காட்டிவிட்டார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. வாத்தியாரு படிச்சிக் காட்டினாரு" என்றார் நாயக்கர். "முன்ன ஒண்ணு சொன்னீங்க, இப்ப அது தப்புன்னு எழுதிக்கீறீங்க. நெசந்தானா?"

"நெசந்தாங்க."

"நான் எலும்புத் தூளு போடல. வேணாம்னு நீங்க சொன்னதால போடல. ஒன்றரைக் காணி. கதிரு வந்துது, உள்ள ஒண்ணும் இல்ல. பதரு. மாட்டுக்குத்தான் ஆச்சு. நான் என் தலையெழுத்துன்னு இருந்தேன்." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். "அன்னிக்கி என் மண்ணைப் பாத்தது யாரு? அந்த ஆளைப் பாக்கணும்."

ஹபீபுர் ரஹ்மான் வாயைத் திறந்தார். கூடத்தின் பெயரில் நடந்தது, எல்லோருக்கும் பொறுப்பு என்று சொல்லத் தொடங்கினார். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான்தாங்க." லூர்துமேரி கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டே வந்து அவர் பக்கத்தில் நின்றாள். "உங்க மண்ணை நான் பாக்கவே இல்ல. பாக்காமயே எழுதிட்டேன்."

நாயக்கர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஏன் என்று கேட்டார். அவள் சொன்னாள். பதினாலு பை, மருந்து இல்லாதது, எல்லாம் சொன்னாள். கடிதம் வைத்தவர்களுக்கு மட்டும் செய்ததையும் சொன்னாள்.

"எனக்கு எழுதத் தெரியாதே" என்றார் அவர்.

"தெரியுங்க. அதான் தப்பு."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஹபீபுர் ரஹ்மான் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார். குடித்தார். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டு, "சரி, இந்த போகத்துக்கு இன்னா பண்றது, சொல்லு" என்றார். லூர்துமேரி அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, காணிக்கு எவ்வளவு எலும்புத் தூள், எப்போது போடுவது, கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று விரல் விட்டுச் சொன்னாள். அவர் இரண்டு தடவை திருப்பிச் சொல்லி மனசில் ஏற்றிக்கொண்டார். போகும்போது கும்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். மாசி மாதத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசியது அப்போதுதான்.

"காய்ச்சி வடிச்ச தண்ணி தீந்துபோச்சு சார். நாளைக்கு ஆறு பை கீது."

"இப்பவே அடுப்புல ஏத்தச் சொல்றேன்" என்றார் ஹபீபுர் ரஹ்மான்.

அவள் உள்ளே போனாள். மத்தியானம் மணி அடித்ததும் மற்றவர்கள் பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள், அவளும் அங்கேதான் உட்கார்ந்தாள். அவர் ஜன்னல் ஓரத்து ஸ்டூலில் டப்பாவைத் திறந்தார். காலையில் அவரே வடித்த சோறு. ஆற்றில் தண்ணீர் வற்றி, மணல் திட்டில் கொக்குகள் நின்றுகொண்டிருந்தன. சாப்பிட்டுவிட்டு எழுந்து போய், தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கலத்தின் கீழே புட்டி பாதி நிறைந்திருந்ததைப் பார்த்தார்.